பூட்டின் மேல் பொட்டு

கேகாலை
11.07.2024

மதிப்புக்குரிய புஷ்பம் அக்காவுக்கு,

விதுர்ஷன் எழுதுகிறேன். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. போன சனிக்கிழமை மூடிக் கிடக்கும் உங்கள் தேயிலை ஸ்டோருக்குள், முன்பு ரோதைச் சக்கரம் சுற்றிய குழியில் விழுந்து கிடந்தவன் என்றால் தெரிந்துவிடும். அன்று நீங்கள் என் பெயரைக் கேட்கவில்லை. “கால அசைக்காதீங்க”, “வாய மூடுங்க” இந்த இரண்டையும்தான் மாறி மாறிச் சொன்னீர்கள். என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன த்ரீவீல்கார றிஸ்மியிடம்தான் உங்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

காலில் இரண்டு இடத்தில் முறிவு. பிளாஸ்டர் போட்டு வீட்டில் கிடக்கிறேன். நீங்கள் காலோடு வைத்துக் கட்டிய கம்பைப் பார்த்து டொக்டர் அசந்துபோனார். “இது என்ன கம்பு?” என்று கேட்டார். கொழுந்து எடுக்கும்போது செடி மட்டம் பார்க்கிற மட்டக்கம்பு என்று றிஸ்மிதான் விளக்கம் சொன்னான். கட்டியவருக்குத் தன் நன்றியையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

நான் திருட வந்தவன் இல்லை அக்கா. பஜாரில் எங்களுக்குப் பாத்திரக் கடை இருக்கிறது. கிழமை முழுக்கப் பளபளவென்று புதுச் சட்டி பானைகளுக்கு நடுவில் நிற்பதாலோ என்னவோ, லீவு கிடைத்தால் யாரும் இல்லாத பழைய கட்டடங்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பேன். ரம்புக்கனையில் கூரை போன ரயில்வே குவார்ட்டர்ஸ், மூடிப்போன ஒரு தியேட்டர், குளியல் தொட்டிக்குள் செடி முளைத்த ஒரு பங்களா என்று நிறைய எடுத்திருக்கிறேன். எங்கேயும் இப்படி விழுந்ததில்லை. மாடிப் பலகை உளுத்திருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கமராவுக்கு ஒரு கீறலும் இல்லை என்பதுதான் எங்கள் அம்மாவுக்கு இன்னும் கோபம்.

ஏணியை இறக்கும்போது உங்கள் போன் குழித் தண்ணீரில் விழுந்ததே, அதற்காக இத்துடன் ஒரு புதுப் போன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்ட விலாசம் மட்டும்தான் கிடைத்தது.

இன்னொரு சந்தோஷமான செய்தி. ‘கைவிடப்பட்ட தேயிலை ஸ்டோரில் என் உயிரைக் காப்பாற்றிய வாச்சர் புஷ்பம் அக்கா’ என்று தலைப்புப் போட்டு, தோட்டத்தின் பெயரையும் எடுத்த படங்களையும் சேர்த்து, பேஸ்புக்கில் எழுதினேன். ஆயிரக்கணக்கானவர்கள் ஷெயர் செய்திருக்கிறார்கள். நெலுகந்தை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் எல்லாம் உங்களை வாழ்த்துகிறார்கள்.

குழியின் மேலே நின்று நீங்கள் முதலில் பேசியது என்னிடம் இல்லை என்று தெரியும். அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

என்றும் நன்றியுள்ள,
விதுர்ஷன்


நெலுகந்தை, பணியக்கணக்கு
எஹலியகொட
23.07.2024

தம்பி விதுர்ஷனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குக் கிடைக்குமுன் ஆபீசில் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது.

தோட்டத்து ஆட்களுக்கு வரும் தபால் எல்லாம் ஆபீசுக்குத்தான் போகும். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை எடுத்துக் கொடுப்பார். “புஷ்பத்துக்கு கேகாலையில இருந்து போன் பார்சல் வந்திருக்கு! யாருங்க அது?” என்று அத்தனை சனத்துக்கு முன்னால் அவர் கேட்டார்.

தம்பி, வாச்சர் வேலை என்றால் ஆளை உள்ளே விடாமல் பார்ப்பது. உள்ளே விழுந்த ஆளைத் தூக்கிவிடுவதற்குச் சம்பளம் இல்லை. இந்தச் சங்கதி ஆபீசுக்குத் தெரிந்தால் என் கதி என்ன என்று அன்றே எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களைக் குறுக்கு ரோட்டால் அனுப்பினேன். றிஸ்மியிடமும் சொல்லி வைத்தேன். மழை, இருட்டு, உங்கள் அலறல் எல்லாவற்றையும் தாண்டி ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல் காப்பாற்றினேன். நீங்கள் ஊருக்கே தண்டோரா போட்டுவிட்டீர்கள்.

நேற்று தோட்டத்துத் துரை கூப்பிட்டார். உங்கள் பேஸ்புக்கை யாரோ கொழும்பு ஆபீசில் பார்த்து அவரைக் கேட்டார்களாம். கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டு, “காசு வாங்கிக்கிட்டுத்தானே கதவத் தொறந்து விட்ட?” என்று கேட்டார். பூட்டு பூட்டித்தான் இருந்தது என்றேன். “பூட்டியிருந்தா அந்த ஆள் கதவு வழியா காத்தாட்டமா பூந்து போனான்?” என்றார். ஆகஸ்ட் முடிவதற்குள் நாங்கள் இருக்கும் வாச்சர் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நன்றி சொல்கிறேன் என்று என் வயிற்றில் அடித்துவிட்டீர்கள்.

கைவிடப்பட்ட ஸ்டோர் என்று எழுதியிருக்கிறீர்களாம். என் மகள் கேஷானி பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். யார் கைவிட்டது? கம்பனி மூடியது, மெஷினைக் கழற்றி விற்றது, அது சரி. நான் தினமும் அதைச் சுற்றி வருகிறேன், வாசல் கூட்டுகிறேன், பாம்பு விரட்டுகிறேன், பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். கைவிட்ட கட்டடம் என்றால் அப்போது நான் யார், பேயா?

பஜார்காரருக்கு ரோதைமுனி யாரென்று தெரிந்திருக்காது. ஸ்டோரில் ரோதை சுற்றினால் அதைக் காக்க ஒரு முனி இருப்பார். நீங்கள் விழுந்த குழிக்குப் பக்கத்தில் குங்குமம் பூசின கல் இருக்கிறதே, அவர்தான். என் வீட்டுக்காரர் சின்னத்தம்பி இருக்கும் வரை ரோதை ஓட்டியவர். முனியைக் கும்பிடாமல் அவர் ஒருநாளும் ரோதையைக் கிளப்பியதில்லை. இப்போது ரோதையும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. சாமியை மட்டும் எங்கே அனுப்புவது? வெள்ளிக்கிழமையில் நான் விளக்கு வைக்கிறேன். அந்த வெள்ளி எண்ணெய் இல்லை. அதனால்தான் சனிக்கிழமை போனேன்.

கையெடுத்துக் கும்பிட்டு மனதில் இருந்ததைச் சொல்லி முடித்தால், குழிக்குள் இருந்து “ஹலோ” என்று சத்தம். என் உயிர் போய்விட்டுத் திரும்பி வந்தது. நான் சொன்னதில் எவ்வளவு உங்கள் காதில் விழுந்தது? மறைக்காமல் எழுதுங்கள்.

போனைப் பிரிக்காமல் ஜமால்தீன் நானா கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டாம். கடிதம் எழுதுவதென்றால் இனி சந்தியில் அவர் கடை விலாசத்துக்கு எழுதுங்கள். என் கம்பைத் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
சி. புஷ்பம்


கேகாலை
27.07.2024

அன்புள்ள புஷ்பம் அக்கா,

கடிதத்தை வாசித்த கையோடு, பேஸ்புக்கில் போட்டதை அழித்துவிட்டேன். மற்றவர்கள் எடுத்துப் போட்டதை என்னால் அழிக்க முடியவில்லை. புகழ்ந்து எழுதினால் உங்களுக்கு நல்லது நடக்கும் என்று நம்பினேன். எங்கள் கடையைப் பற்றி யாராவது நல்லபடியாக எழுதிவிட்டால் வியாபாரம் கூடும். அந்தக் கணக்கையே தோட்டத்துக்கும் போட்டுவிட்டேன். மடத்தனம்தான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். எல்லாம் கேட்டது அக்கா. நினைவு தப்பிக் கிடந்தேன். எண்ணெய் வாசனையில்தான் விழித்தேன். மேலே சின்னதாக விளக்கு வெளிச்சம். நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

“சாமி, நவம்பர்ல புள்ளைக்கு ஏ.எல். சோதன. கம்பனி எப்ப வெளிய போகச் சொல்லுமோ தெரியல, சோதன முடியிற வரைக்கும் இந்தக் குவார்ட்டர்ஸ்ல இருக்க விட்டுரு. தம்பி வீட்டுக்குப் போனா ஒரே ஒரு காம்பரா, எல்லாரும் அதுக்குள்ளதான், டிவி சத்தம், குடிச்சிட்டு சண்ட. அதுல அவ எங்க படிக்கிறது? வேற ஒண்ணும் ஒங்கிட்ட கேக்க மாட்டேன்.”

அதற்குப் பிறகுதான் ஹலோ என்றேன். “கேட்டுருச்சா சாமி?” என்று நீங்கள் கேட்டீர்கள். நான், “நான் சாமி இல்லீங்க, கேகாலை பாத்திரக்கட ஆளு” என்றேன். வலி உயிர் போனது, ஆனாலும் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. உங்கள் தெய்வம் வாயைத் திறப்பதற்குள் நான் அதைக் கெடுத்துவிட்டேன்.

நேற்று இரவெல்லாம் கமராவில் எடுத்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உள்ளே போகுமுன் முன்கதவுப் பூட்டை எடுத்திருக்கிறேன். துருப்பிடித்த பூட்டு என்றால் என்னைப் போன்றவர்களுக்குப் பைத்தியம். படத்தில் பூட்டு நன்றாகப் பூட்டியிருக்கிறது. அதன் மேல் சந்தனம் வைத்து நடுவில் குங்குமப் பொட்டு. வளையத்தில் ஒரு செம்பருத்தி, லேசாகத்தான் வாடியிருக்கிறது. எடுத்த நாளும் நேரமும் படத்திலேயே இருக்கும். அடுத்த படம் பின்பக்கத்து ஜன்னல், கம்பி பெயர்ந்து கிடக்கிறது. நான் அந்த வழியாகத்தான் ஏறினேன்.

இந்த இரண்டு படத்தையும் வைத்து, களவாக ஏறியது நான்தான் என்று துரைக்கு எழுதுகிறேன். ஆனால் இந்த முறை உங்களைக் கேட்காமல் ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேன். சரி என்றால் சொல்லுங்கள்.

அந்தப் பூட்டைப் படம் எடுத்தபோது துரு மட்டும்தான் என் கண்ணில் பட்டது. பொட்டு நேற்றுத்தான் தெரிந்தது.

விதுர்ஷன்


நெலுகந்தை
03.08.2024

தம்பிக்கு,

சரி, எழுதுங்கள். ஆனால் சில விஷயம்.

என்னைப் புகழ்ந்து ஒரு வரி வரக்கூடாது. தெய்வம், தாய், உயிர் கொடுத்தவர் ஒன்றும் வேண்டாம். பூட்டு பூட்டியிருந்தது, நான் ஜன்னலால் ஏறினேன், விழுந்தேன். அவ்வளவு போதும். துரைக்குச் சிங்களத்தில் எழுதுங்கள், தமிழில் எழுதினால் கணக்கப்பிள்ளை வாசித்துச் சொல்வார், அவர் சொல்வது வேறு மாதிரி இருக்கும். இது முடியும் வரை தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். களவாக ஏறினேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் பொலிசுக்குப் போவார்கள். உங்கள் அப்பாவுக்குப் பஜாரில் ஒரு மரியாதை இருக்கும். உங்கள் காலை நான் கட்டியதற்காக நீங்கள் அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. அன்று அங்கே நாய் விழுந்திருந்தாலும் தூக்கியிருப்பேன்.

பொட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஸ்டோர் மூடிய பிறகும் வெள்ளிக்கிழமை பூட்டுக்குப் பொட்டு வைப்பேன். வைக்கச் சொன்னவர் யாருமில்லை. கேஷானிகூடக் கேலி செய்வாள், “பூட்டுக்குமா அம்மா கல்யாணம்?” என்று. அதை ஒருவர் பார்த்தார், படமும் எடுத்தார் என்று வாசித்தபோது கோபம் கொஞ்சம் குறைந்தது. முழுக்க இல்லை.

அவளுக்கு இன்னும் குவார்ட்டர்ஸ் விஷயம் சொல்லவில்லை. தெரிந்தால் புத்தகத்தை மூடிவிடுவாள். சாமான் கட்ட அட்டைப்பெட்டி கேட்டு வைத்திருக்கிறேன், ஜமால்தீன் நானா காரணம் கேட்கவில்லை. அவர் நல்ல மனுஷன்.

புஷ்பம்


கேகாலை
25.08.2024

அன்புள்ள புஷ்பம் அக்கா,

நீங்கள் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். நீங்கள் சொன்னபடியே பொலிசிலிருந்து கூப்பிட்டார்கள்.

எஹலியகொட ஸ்டேஷனுக்கு வியாழக்கிழமை போனேன். அப்பா கூட வந்தார். வீட்டிலிருந்து வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. பிளாஸ்டர் காலோடு கோல் ஊன்றி நான் படி ஏறுவதைப் பார்த்து சார்ஜன், “இந்தக் காலோடயா ஜன்னல் ஏறின?” என்று சிங்களத்தில் கேட்டார். “ஏறும்போது நல்லா இருந்திச்சு சேர்” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

துரையும் வந்திருந்தார். கோபமாகத்தான் இருந்தார். நான் அந்த வழியில் உள்ளே போய் உயிரை விட்டிருந்தால் கம்பனி என்ன பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிறகு பூட்டுப் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, நெடுநேரம் பார்த்தார்.

“மே பொட்டு எக கவுத திப்பே?” என்று கேட்டார். இந்தப் பொட்டை யார் வைத்தது என்று.

வாச்சர் அம்மா என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை அக்கா, சத்தியமாக. நீங்கள் புகழக் கூடாது என்று சொன்னது நாக்கில் நின்றது. அவரே சொன்னார், “கம்பனி அந்தக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்து வருஷக்கணக்காகிவிட்டது” என்று. அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. குவார்ட்டர்ஸ் விஷயம் அவர் கையில் இருக்கிறது. நான் கேட்டால் கெட்டுவிடுமோ என்று பயந்து கேட்கவில்லை.

எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து விட்டார்கள். ஸ்டோரில் எடுத்த படங்களை எல்லாம் அவர்கள் கண் முன்னாலேயே அழித்தேன். அதில் ஒரு படம் கொழும்புக் கண்காட்சிக்குத் தெரிவாகியிருந்தது. கூரை ஓட்டையால் வெயில் இறங்கும் படம். போகட்டும். பூட்டின் படத்தை மட்டும் துரை தன் பைலில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ருவன்வெல்லையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார். “அந்த அம்மா மட்டும் அன்னைக்கு வராம இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அக்கா, அந்த வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் எண்ணெய் முடிந்திருந்ததற்கு நான் எந்தக் கோயிலில் போய்க் கும்பிடுவது? எண்ணெய் இருந்திருந்தால் அடுத்த வெள்ளிதான் நீங்கள் கதவைத் திறந்திருப்பீர்கள்.

ஆகஸ்ட் முடிய இன்னும் சில நாள்தான். ஒரு வரி எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள்.

விதுர்ஷன்


நெலுகந்தை, பணியக்கணக்கு
வாச்சர் குவார்ட்டர்ஸ்
22.12.2024

அன்புத் தம்பி விதுர்ஷனுக்கு,

மேலே விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பதில்.

ஆகஸ்ட் கடைசியில் துரை ஜீப்பில் வந்து இறங்கினார். நான் அட்டைப்பெட்டிகளை முற்றத்தில் அடுக்கிவைத்திருந்தேன். அவர் ஸ்டோரைச் சுற்றி நடந்தார், ஜன்னலைப் பார்த்தார், முன்கதவுக்கு வந்து பூட்டைத் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கும் பொட்டு இருந்தது. என்ன நினைத்தாரோ, கையில் ஒட்டிய குங்குமத்தைக் கைக்குட்டையில் துடைத்தார். “சாமானை உள்ளே எடுத்து வைங்க” என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில். அவ்வளவுதான். மறுநாள் மேசன் வந்து ஜன்னலைக் கல் வைத்து அடைத்தார். கணக்கப்பிள்ளை இப்போது என்னை “வாங்க புஷ்பம்” என்கிறார், அதுதான் தாங்க முடியவில்லை.

உடனே எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். றிஸ்மியிடம் செய்தி சொல்லி அனுப்பினேன், சொல்லியிருப்பான். நன்றி என்பதை நானே எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். சோதனை முடியுமுன் எழுதினால் கண் பட்டுவிடும் என்றும் ஒரு பயம்.

முந்தாநாள் கேஷானி கடைசிப் பேப்பர் எழுதிவிட்டு வந்தாள். நன்றாக எழுதினேன் என்றாள், சாப்பிடாமலே தூங்கிவிட்டாள். இந்த நாலைந்து மாதமும் அவள் தன் மேசையில், தன் லைட்டில், கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். வெளியே நின்று அந்தக் கதவை எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ரிசல்ட் எப்படி வந்தாலும் சரி, படிக்க இடம் இல்லாமல் போயிற்று என்று அவள் ஒருநாளும் சொல்ல வேண்டியதில்லை. அவளிடம் இப்போதுதான் நடந்ததையெல்லாம் சொன்னேன். முதலில் திட்டினாள், பிறகு உங்களைப் பார்க்க வேண்டும் என்றாள்.

உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் முடிக்காமல் விட்டது எனக்கு விளங்கிவிட்டது என்று. நாய் விழுந்திருந்தாலும் தூக்கியிருப்பேன் என்று எழுதினேன், அதையும் மறந்துவிடுங்கள். கோபத்தில் எழுதியது.

போனை வாங்கிக்கொண்டேன். அதில் முதலில் அழைத்தது டியூஷன் சேரை. நம்பர் இதன் பின்பக்கத்தில் இருக்கிறது, ஆனால் சிக்னலுக்கு மலை ஏற வேண்டும், அதனால் எழுதினால்தான் கிடைக்கும்.

துரையிடம் கேட்டுவிட்டேன். தைப்பொங்கலுக்கு வாருங்கள், கமராவும் கொண்டுவரலாம். மாடிக்குப் போகக் கூடாது. என் மட்டக்கம்பையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். இந்த முறை முன்வாசலால் வரலாம், சாவி என்னிடம்தான் இருக்கிறது. படம் எடுத்தால் என்ன பெயர் போடுவீர்கள் என்று கேஷானி கேட்கிறாள். கைவிடப்பட்ட என்ற சொல் வந்தால் அவளே கம்பை எடுப்பாளாம்.

வெள்ளிக்கிழமை போய் விளக்கு வைத்தேன். கேட்டதைக் கொடுத்துவிட்டாய் சாமி என்று சொல்லிக் கும்பிட்டேன். பிறகு குழியையும் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்கு அங்கேயிருந்து நீங்கள், “நான் சாமி இல்லீங்க” என்றீர்கள். எனக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை தம்பி.

அன்புடன்,
புஷ்பம் அக்கா